எவ்வளவு ஆழம் என்பதைக் கலங்கல்தான் தீர்மானிக்கும்

விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளைக் கடலுக்குள் அனுப்பி, திரும்பும் ஒளியைக் கொண்டு பிளாங்டன் (நீரில் மிதக்கும் சிற்றுயிர்கள்) அடுக்குகளை அளக்கும் முறை பற்றிய கட்டுரை, விமான லேசர் எந்தக் கடலிலும் ஒரே ஆழம்வரை அளக்கும் என்கிறது. அது சரியல்ல. 532 நானோமீட்டர் பச்சை ஒளி தெளிந்த நீரில் சில பத்து மீட்டர் இறங்கும். கலங்கிய கரையோரத்தில் சில மீட்டரிலேயே அடங்கிவிடும். இன்னொன்று: நீரில் ஒளி மெதுவாகச் செல்வதால், ஒளி போய்வரும் நேரத்தில் 1 நானோவினாடிக்கு ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் ஆழம். காற்றுக்கான 15 சென்டிமீட்டரைப் போட்டால் பிளாங்டன் அடுக்கு தவறான இடத்தில் விழும். கதிரை நேர்கீழே விடாமல் 15 டிகிரி அளவுக்குச் சாய்ப்பது மிக முக்கியம். இல்லையென்றால் நீர்ப்பரப்பின் எதிரொளி திரும்பும் மங்கலான ஒளியை உணரும் ஒளிப்பெருக்கிக் குழாயைத் திணறடித்து, மேல் சில மீட்டர் தரவைக் கெடுத்துவிடும். மெல்லிய அடுக்குகளுக்குக் குறுக்குத் தளவிளைவு ஏற்பியே (அனுப்பிய ஒளியின் அதிர்வுத் தளத்துக்குச் செங்குத்தாக அதிரும் ஒளியை மட்டும் ஏற்பது) மேல்: பரப்பு எதிரொளி தளவிளைவைப் பெரிதும் மாற்றாது, ஒழுங்கற்ற துகள்கள் மாற்றும்.