வலி நின்றது வேறு, தொற்று தீர்ந்தது வேறு

‘சொத்தைப் பல்லில் சீழ் வைத்தாலும் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையை 5 நாள் விழுங்கினால் போதும், வேர் சிகிச்சை (ரூட் கெனால்) என்பது பணம் பறிக்கும் வேலை’ என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருப்பது, அவருடைய வலி நின்றது உண்மையாகவே இருந்தாலும், தவறான முடிவாகும்.

பல்லின் உள்ளே இருக்கும் பற்கூழ் என்ற மென்திசு அழுகி இறந்துவிட்டால் அங்குள்ள நரம்பும் இறப்பதால் வலி தானாகவே அடங்கும். ஆனால் இரத்த ஓட்டம் அற்றுப்போன அந்த இடத்துக்கு மாத்திரை போய்ச் சேர வழியில்லை என்பதால், கிருமிகள் வேர் நுனியில் தங்கி எலும்பை அரித்துக்கொண்டே இருக்கும். எனவே சீழை வெளியேற்றி, வேரைச் சுத்தம் செய்து அடைப்பதோ பல்லைப் பிடுங்குவதோதான் சிகிச்சை. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருந்தால் மட்டுமே ஆன்டிபயாட்டிக் துணைக்கு வேண்டும் என்பதே அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம். கிராம்பு எண்ணெயும் (கேரள எல்லையிலுள்ள எங்கள் களியக்காவிளைப் பக்கம் இது இல்லாத வீடு குறைவு) சற்று நேரம் பல்லை மரத்துப்போகச் செய்யுமே தவிர, தொற்றைத் தீர்க்காது.

மருத்துவர் சீட்டில்லாமல் கிடைக்காத மாத்திரையை, எல்லை தாண்டிக் கேரளத்தின் பாறசாலைக்குப் போய்த் தேடுவதிலும் பயனில்லை. எல்லைக்கு இருபுறமும் ஒரே சட்டம்தான். தாடைக்கு அடியில் வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், இரவானாலும் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.