வண்டியில் நான் மட்டும்

மலைப்பாதையில் காரில் இரண்டாவது ஆள் இருப்பதே அதிகம் என்பது என் கட்சி. தனியாக வால்பாறை போய் வந்ததிலிருந்து இதை இன்னும் உரக்கச் சொல்லத் தோன்றுகிறது.

ஆழியாறு சோதனைச் சாவடியில் இருந்தவர், "தனியாகவா அம்மா?" என்றபடி பின் இருக்கையை எட்டிப் பார்த்தார். பிளாஸ்டிக் பாட்டிலைத் தேடினாரா, கூட வந்த ஆண்பிள்ளையைத் தேடினாரா என்று தெரியவில்லை. இரண்டும் இல்லை என்றேன்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. கூட்டமாகப் போனால் அந்த எண்கள் மட்டுமே நினைவில் நிற்கும். ஒருவருக்கு வாந்தி வரும், ஒருவருக்குப் பாட்டை மாற்ற வேண்டும், இன்னொருவர் முன்னால் போகும் பஸ்ஸை முந்தச் சொல்லி உயிரை வாங்குவார். தனியாகப் போனதால் கண்ணாடியை இறக்கிவிட்டு, எதிரே வரும் பஸ்ஸின் ஹார்னை இரண்டு வளைவுகளுக்கு முன்பே கேட்க முடிந்தது. ஏறுகிற வண்டிக்கே முதல் வழி என்பது மலைப்பாதை விதி. ஆனால் திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும் என்று ஒரு அரசு பஸ் இறங்கி வரும்போது யார் விதி பேசுவது? ஒதுங்கி நின்றேன். ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரல்களை மட்டும் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சி முனை. இந்தச் சாலையை அமைத்த பொறியாளரின் பெயர். கீழே ஆழியாறு அணை விரிந்து கிடக்க, கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு வரையாடு நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. கழுத்து மயிர் காற்றில் பிரிவது தெரியும் அளவுக்கு அருகில். அதற்குப் போய் ஒரு குடும்பம் பிஸ்கட் நீட்டியது! மாநில விலங்கு என்று பட்டம் கொடுத்துவிட்டுப் பிச்சை எடுக்கப் பழக்குகிறோம். வால்பாறைக்குப் பக்கத்தில் புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்குகளுக்கும் இதே கதிதான். அவை சாலையில் இறங்கி அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். நாம் சிப்ஸ் பாக்கெட்டைக் காட்டிக் கீழே கூப்பிடுகிறோம்.

வால்பாறையில் நான் தங்கிய தோழியின் வீடு எஸ்டேட் லைன் வீடு, தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்று. ரிசார்ட்டில் அறை எடுத்திருந்தால் அவள் மாமியாரை எங்கே பார்த்திருப்பேன்? வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்த அம்மா. டம்ளரை நீட்டிய கையில் கட்டைவிரலின் உட்புறம் கறுத்து, தோல் வரிவரியாக வெடித்திருந்தது. இலையைக் கிள்ளிக் கிள்ளி வந்தது என்றார். அந்தத் தேநீரில் சர்க்கரை கூடுதல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போகலாம் என்று கிளம்பினோம். தூரத்தில் சிவப்பு விளக்கு மினுங்கியது. பக்கத்தில் யானைகள் இருந்தால் எரிய விடும் விளக்கு அது, கைப்பேசியிலிருந்தே இயக்கலாம். "இன்றைக்கு அவர்கள் முறை" என்று தோழி செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பகல் முழுக்க வாய் திறக்காமல் வந்ததில் பேச்சு சேர்ந்து கிடந்தது. அவள் கணவர் "நீங்கள் பேசுங்கள் அக்கா" என்று கொட்டாவி விட்டபடி எழுந்து போன பிறகும் ஓயவில்லை.

வழி நெடுகப் பேசிக்கொண்டே வருகிறவர்களுக்குப் போய்ச் சேர்ந்த இடத்தில் பேச என்ன மிச்சம் இருக்கும்?

அடுத்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்கும் காட்டுச் சாலையில் போக ஆசை. தோழி தானும் வருவதாகச் சொல்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.