மேசன் வேலையைத் தண்டனையாக்காதேங்கோ

பரிசளிப்பு விழா ஒண்டில ஒருத்தர் பேசின பேச்சைப் பற்றி எல்லாரும் எழுதி ஓய்ஞ்சாச்சு. வீடியோ இன்னும் சுத்திக்கொண்டுதான் இருக்கு. "படிக்காட்டி மேசனுக்குக் கல்லுத் தூக்கத்தான் போகவேணும்" எண்டு அவர் மேடையில சொல்ல, பெற்றோரும் கை தட்டினவை. மேசன்மாரின்ர பிள்ளையளும் அந்த மண்டபத்தில இருந்ததுகள். அண்டைக்குப் பின்னேரம் வீட்டை போய் அதுகள் அப்பாவோட என்னத்தைக் கதைச்சிருக்குங்கள்?

மேசன் வேலை படிப்பு ஏறாதவனுக்கு ஒதுக்கின வேலை இல்லை. படிச்சுச் செய்யவேண்டிய வேலை. படிக்காமல் செய்தால் என்ன நடக்கும் எண்டு சொல்லுறன்.

யன்னலுக்கு மேல வெளியால நீட்டிக்கொண்டு நிக்கிற சன்சேட்டைப் பாருங்கோ. ரண்டடி அகலம்தான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் சுவரைப் பிடிச்சு நிக்கிறதால, பாரம் அதின்ர மேல்பக்கத்தை இழுக்கும், கீழ்ப்பக்கத்தை அமத்தும். கொங்கிறீட் அமத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதால பிரதான கம்பி மேல்பக்கம் வரவேணும். ரண்டு சுவருக்கு நடுவில போடுற ஸ்லாப்பில நடுப்பகுதிக்கு அது கீழ்ப்பக்கம். வித்தியாசம் தெரியாதவர் ரண்டுக்கும் ஒரே மாதிரிக் கட்டுவார். தெரிஞ்சவர் சரியாக் கட்டினாலும், கொங்கிறீட் கொட்டேக்க ஒராள் கம்பியை மிதிச்சால் அது கீழ இறங்கிவிடும். அதுக்குத்தான் வளைச்ச கம்பித்துண்டுகளை முட்டுக்குடுத்து வைக்கிறது. பூசி, பெயின்ட் அடிச்சால் வெளியால ஒண்டும் தெரியாது. கொங்கிறீட் இறுகுமட்டும் அடியில நிண்ட முட்டைக் கழட்டேக்க, இல்லாட்டிப் பிறகொரு நாள் ஆராவது மேல ஏறேக்க, சுவரோரம் வெடிச்சு அப்பிடியே விழும். கீழ நிக்கிறது ஆர் எண்டு அது பார்க்காது.

தண்ணியை எடுங்கோ. 50 கிலோ சீமெந்துப் பைக்கு 25 லீற்றர் அளவில போதும். மணல் ஈரமெண்டால் அதிலயும் குறைக்கவேணும். கலவை இழுக்கச் சுகமா இருக்கட்டும் எண்டு இன்னொரு வாளி ஊத்தினால், மிஞ்சின தண்ணி காய்ஞ்சு போன இடமெல்லாம் நுண்துளை. யாழ்ப்பாணத் தீவகத்திலயும் கரையோரத்திலயும் கனக்கக் கிணறுகள் உவர். அந்தத் தண்ணியிலயே கலவை போட்டு, கழுவாத கடல் மணலையும் சேர்த்தால் உப்புக் கம்பியைத் தின்னத் துவங்கும். துருப்பிடிச்ச கம்பி பருக்கும், பருத்துக் கொங்கிறீட்டைப் பிளக்கும். பத்துப் பதினைஞ்சு வருசத்தில கீழ்ப்பக்கம் பாளம் பாளமாக் கொட்டுற ஸ்லாப்புகளை எங்கட ஊரில காணாத ஆக்கள் இல்லை. பீமில கம்பிக்கும் கொங்கிறீட் கொட்ட அடிக்கிற பலகைக்கும் இடையில ஒரு இஞ்சி விடச் சொல்லுறதும் இதுக்காகத்தான். சோளகக் காத்துக் காலத்தில கொட்டின கொங்கிறீட் மேற்பரப்பு சில மணித்தியாலத்திலயே உலர்ந்து வெடிக்கும். உடன மூடவேணும், குறைஞ்சது 7 நாள் நனைச்சு வைக்கவேணும்.

அத்திவாரம் வெட்ட நூல் கட்டேக்க மூலைமட்டம் எப்பிடிப் பார்க்கிறது? ஒரு பக்கம் 3 அடி, மற்றப் பக்கம் 4 அடி அளந்தால் குறுக்கு 5 அடி வரவேணும். பெரிய கட்டடத்துக்கு 9, 12, 15. ஓ.எல். கணக்குப் பாடத்தில இருக்கிற அதே பைதகரஸ்தான். கணக்கு வராத பிள்ளையைத்தான் இதுக்கு அனுப்பவேணும் எண்டு நினைக்கிற பெரியவை இதை வடிவா யோசிக்கவேணும்.

"பிள்ளையளை ஊக்கப்படுத்தத்தானே சொன்னவர்" எண்டு சிலபேர் எழுதினியள். ஒரு பிள்ளையை ஊக்கப்படுத்த இன்னொரு பிள்ளையின்ர அப்பாவைக் கீழ போடவேணுமோ? இதுக்கு மேல இதைப் பற்றிக் கதைக்க எனக்கு ஒண்டுமில்லை.

"பயிற்சி நிலையத்தில படிச்சு வாறவங்களுக்கு வேலை தெரியாது" எண்டவைக்கு மறுமொழி சொல்லத்தான் வேணும். அதில உண்மை இருக்கு. கரும்பலகையில மட்டும் படிச்சவன் சுவர் நேரா நிக்குதோ எண்டு பார்க்கிற தூக்குக்குண்டைப் பிடிக்கத் தடுமாறுவான். ஆனால் என்.வி.கியூ எண்ட தேசிய தொழில் தகைமை முறையில பார்க்கிறதே கையால செய்து காட்டுற வேலையைத்தான். யாழ்ப்பாணத்தில தொழில்நுட்பக் கல்லூரி இருக்கு, தொழிற்பயிற்சி அதிகாரசபை இருக்கு, தொழில் பழகுறவைக்குப் பயிற்சி குடுக்கிற அரச நிறுவனமான நைற்றா இருக்கு. கிளிநொச்சி அறிவியல்நகரில 2016 இல திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கு. என்.வி.கியூ 4 எடுத்தவன் 5, 6 எண்டு டிப்ளோமாவுக்குப் போகலாம், 7 பட்டத்துக்குச் சமன். அதுக்கு இரத்மலானையில தொழிற்கல்விக்கான யூனிவோட்டெக் பல்கலைக்கழகமே இருக்கு. வேற வழியில்லை எண்டு தள்ளிவிட்ட பொடியளை மட்டும் அங்க அனுப்பிப்போட்டு, பிறகு பயிற்சி சரியில்லை எண்டு சொல்லுறம். விரும்பிப் போற பிள்ளையையும் ஊர் வாயால தடுக்கிறம்.

"அப்ப டொக்ரர், எஞ்சினியர் வேண்டாமோ?" ஆர் வேண்டாம் எண்டது?

இன்னுமொண்டு. இந்தக் கை தட்டலுக்கு அடியில சாதி கிடக்கு. கையால செய்யிற வேலையைக் கீழ வைச்ச பழக்கம் எங்க இருந்து வந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும். நல்ல சபையில கதைக்கக் கூடாது எண்டு மூடி வைச்சிருக்கிறம். இதே வேலையைக் கனடாவில, லண்டனில செய்து அனுப்பிற காசைக் கோயில் திருவிழா உபயத்துக்கு வாங்கேக்க மட்டும் ஒருத்தருக்கும் கூச்சம் இல்லை.

இருபது வருசமா வேலை செய்தும் கையில ஒரு துண்டுக் கடதாசி இல்லாத மேசன்மார், ஓடாவிமார் இதை வாசிச்சால் நைற்றாவில போய் விசாரியுங்கோ. வகுப்புக்குப் போகாமல், செய்த வேலைக்கான சான்றுகளைக் காட்டி, செய்முறையும் செய்து காட்டி என்.வி.கியூ சான்றிதழ் எடுக்க வழி இருக்கு. வெளிநாடு போற எண்ணம் இல்லாட்டியும் எடுங்கோ. ஏனெண்டால் வீட்டுக்காரரோட கதைக்கேக்க அது தேவைப்படும். பெரிய பீமுக்கு அடியில முட்டு 21 நாள் நிக்கட்டும் எண்டு மேசன் சொன்னால், "கூலியைக் கூட்டத்தானே நாளைக் கடத்திறாய்" எண்டு அவற்ர முகத்துக்கு நேர கேக்கிறம். அதையே எஞ்சினியர் வந்து சொன்னால் கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணியும் குடுத்து, தலையாட்டிக்கொண்டு கேக்கிறம்.