மறுபடியும் முதல் தளமா?

ஈசூனில் பெருவிரைவு ரயில் ஏறியதும் குகைக்குள் இறங்கிப் போகும் ‘ஸ்பெலங்கி’ என்ற வீடியோ ஆட்டத்தைத் திறந்தால், பீஷான் வருவதற்குள் எத்தனை முறை சாகிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை. உயிரைக் குறிக்கும் நான்கு இதயங்களோடு தொடங்குபவனிடமிருந்து ஓர் அம்புப்பொறி ஒரே பாய்ச்சலில் இரண்டைப் பிடுங்கிக்கொள்வது என்ன நியாயம்? சரி, நிதானமாகப் பார்த்து இறங்கலாம் என்றால், இரண்டரை நிமிடம் கடந்ததும் பேய் துரத்த வந்துவிடுகிறது. செத்தாலோ, சேர்த்த தங்கமும் வாங்கிய பொருளும் பறிபோவதோடு குகையின் அமைப்பும் அடியோடு மாறிவிடுவதால், போன ஆட்டத்தில் மனப்பாடம் செய்த வழி எதற்கும் உதவாது. 1980இல் வந்த ‘ரோக்’ என்ற கணினி ஆட்டம் பரப்பிவிட்ட வழக்கமாம் இது, நன்றாகப் பரப்பினார்கள்! பொறியோ சுவரில் பளிச்செனத் தெரியும்படிதான் இருக்கிறது என்பதால், ஆட்டத்தை மனமாரத் திட்டவும் வழியில்லை. அடுத்த குகையிலாவது ஆரம்பத்திலேயே ஒரு துப்பாக்கி கிடைக்காதா என்ற நப்பாசையில் கட்டைவிரல் பொத்தானை அழுத்திவிடுகிறது, கேட்காமலேயே.