காலி நாற்காலிக்கு ஒரு மானிட்டர்

"நீ வாசிச்சியா, இல்ல சும்மா புடிச்சிக்கிட்டு நின்னியா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொட்டி சானாய்க் கடையில் ஒரு மாமா போனை என் மூக்குக்கு நேரே நீட்டிக் கேட்டார். முதல் நாள் ராத்திரி திருவிழா வீடியோ. பாடுகிறவர் கேட்கிறது, கீபோர்டு கேட்கிறது, தபேலா கேட்கிறது, கூட்டத்தில் அழுத கைக்குழந்தைகூடக் கேட்கிறது. நான் பேஸ் கிட்டாரோடு ஓர் ஓரமாக நிற்கிறேன், விரல் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. அடிக்கம்பியின் 41 ஹெர்ட்ஸ் கனத்த சத்தம் அந்தக் கடுகளவு ஸ்பீக்கருக்குள் எப்படி வரும் மாமா என்று சொல்ல வாய் திறந்தேன். ஆனால் சொல்லவில்லை. ஏனென்றால் மேடையில் நின்ற நாலு மணி நேரமும் எனக்கே என் பேஸ் கேட்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன், புதன்கிழமை ஆகியும் ஆறவில்லை.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து (எஸ்டேட்) திருவிழா மேடையில் வாசித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒயரில் சீரியல் லைட்டு, டியூப் லைட்டு, எல்இடி திரை, பலூன்காரரின் காற்று மோட்டார், அதே ஒயரில்தான் நம் ஆம்பும். என்னுடையது ஜாஸ் பேஸ் வகை. இரண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற காந்தச் சுருள்), இரண்டும் ஒற்றைச் சுருள். இரண்டையும் முழுசாகத் திறந்து வைத்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும், ஏனென்றால் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றியிருப்பார்கள். ஒன்றைக் கொஞ்சம் குறைத்தாலே போதும், 'உர்ர்ர்' என்று ஆரம்பித்துவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அடிக்கம்பியில் மூன்றாம் கட்டையை அமுக்கினால் வரும் ஜி ஸ்வரம், 49 ஹெர்ட்ஸ். அந்த ஒரு ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டும் முட்டிக்கொண்டு நொடிக்கு ஒரு தடவை அலை அலையாக ஆடும். ஜி மேஜரில் ஒரு பாட்டு முழுக்க அப்படி வாசித்துப் பாருங்கள், பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கும். உடம்பைத் திருப்பினால் இரைச்சல் குறையும் என்பது உண்மைதான். அதற்காகக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டா நிற்க முடியும்?

ஆகவே பிக்கப்பை மாற்றுவோம் என்று முடிவெடுத்தேன். ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஒருவர் "ஆக்டிவ் போடு" என்றார். போட்டால் 9 வோல்ட் பேட்டரி வேண்டும், கேபிளைக் கழற்ற மறந்தால் அது சொருகியபடியே தீர்ந்துகொண்டிருக்கும், தோட்டத்துக்குள் ராத்திரி பத்து மணிக்குப் பேட்டரி செத்தால் எந்தக் கடை திறந்திருக்கும்? இன்னொருவர் "ஒற்றைச் சுருள மாத்தினா டோன் செத்துரும்டா" என்றார். எந்த டோன்? அந்த இரைச்சலுக்குள் எந்த டோன் உயிரோடு இருந்தது? பிரெசிஷன் பேஸ் என்கிற இன்னொரு வகைக்கு 1957-லேயே பிக்கப்பை இரண்டு துண்டாகப் பிரித்து, இரைச்சலை அடிக்கிற மாதிரி செய்துவிட்டார்கள். எத்தனை எத்தனை ரெக்கார்டு அதில் வாசித்தது! யாராவது டோன் செத்துவிட்டது என்று அழுதார்களா? எனக்குக் கேட்டால் தோட்டத்து மேடைக்கு அதுதான் சரி. இரைச்சல் இல்லை, கீபோர்டுக்காரரின் இடது கையைத் தாண்டி வெளியே வரும். ஆனால் என் பேஸில் அதற்கு மரத்தைக் குடைய வேண்டும், எனக்கு மனசு வரவில்லை. அதனால் ஜாஸ் அளவிலேயே, உள்ளுக்குள் இரண்டு சுருள் இருக்கிற ஜோடியை வாங்கப் போனேன்.

ஈப்போவில் ஒரு கடை. பெயர் வேண்டாம். "பிரிட்ஜுக்கு வர்றது நெக்குக்கு வர்றத விடக் கொஞ்சம் நீளமா இருக்கும்ணே, சரி பாத்துக் குடுங்க" என்று, கம்பி முடிகிற பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பையும் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பையும் பற்றி நான்தான் சொன்னேன். "எல்லாம் ஒரே சைஸ்தான் தம்பி" என்றார். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் இரண்டும் குட்டை. பள்ளத்தில் வைத்தால் இரண்டு பக்கமும் இடைவெளி, திருகாணி ஓட்டை பொருந்தவில்லை. திருப்பிக் கொண்டுபோனால் பெட்டியைப் பிரித்துவிட்டாயே, எடுக்க மாட்டோம் என்கிறார். பிரிக்காமல் எப்படி அளக்கிறது? 380 வெள்ளி (ரிங்கிட்). கடைசியில் நீளமானது ஒன்றைத் தனியாக ஆன்லைனில் வரவழைத்து, நானே சாலிடர் வைத்து, உள்ளே செம்புத் தாள் ஒட்டி, ராத்திரி ஒரு மணிக்கு ஆம்பில் சொருகினேன். இரைச்சலே இல்லை. ஒன்றை மட்டும் திறந்தேன், அப்பவும் இரைச்சலே இல்லை. கம்பியைத் தட்டியதும் குண்டாக ஒரு ஜி வந்தது பாருங்கள், அலையில்லாமல், ஆடாமல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்-இயர், அதாவது மேடையில் என் வாசிப்பு எனக்கே கேட்கக் காதுக்குள் போடுகிற இயர்போன், வாங்கியதும் அதே ஆசையில்தான். "புளூடூத் இயர்போன் போட்டுக்கயேன்" என்று சொல்கிற ஆள்கள் தயவுசெய்து கேளுங்கள். சாதாரணப் புளூடூத்தில் சத்தம் 100 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதமாக வரும். 120 டெம்போவில் பதினாறில் ஒரு ஸ்வரத்தின் நீளமே 125 மில்லிசெகண்டுதான். நான் அடித்த ஸ்வரம் அடுத்த ஸ்வரத்தின் இடத்தில் காதில் விழுந்தால் எப்படித் தாளத்தில் நிற்பது? அதனால் ஒயர் உள்ளதாகவே வாங்கினேன், இடுப்பில் மாட்டுகிற சின்னப் பெட்டி. காதில் நுரை முனை, ஏனென்றால் காதை இறுக்கி அடைக்காவிட்டால் முதலில் ஓடிப்போவது பேஸ்தான். மொத்தம் 450 வெள்ளி. இரண்டு மாத ஓவர்டைம்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஆறு மணிக்கே போய்விட்டேன், நாற்காலிகூட அடுக்கவில்லை. சவுண்ட் அண்ணனின் மிக்சரில் ஆறு ஆக்ஸ், அதாவது மேடையில் இருக்கிறவர்களுக்குத் தனித்தனியாகச் சத்தம் அனுப்புகிற வழிகள். "அண்ணே, இன்-இயர் கொண்டாந்திருக்கேன். ஒரே ஒரு ஆக்ஸ் குடுத்தா போதும்ணே." "ஆறாவது உனக்குத்தான் தம்பி, கவலப்படாத." நானே மாஸ்கிங் டேப் கிழித்து, மார்க்கரில் 'பேஸ்' என்று எழுதி ஒட்டினேன். போன தடவை அவர் போஸ்ட் ஃபேடரில் வைத்துவிட்டு, வெளியே பேஸைக் குறைக்கும்போதெல்லாம் என் காதிலும் குறைத்தார். அதனால், வெளியே கூட்டினாலும் குறைத்தாலும் என் காதில் மாறாதபடி, "ப்ரீ ஃபேடர்ணே" என்று மூன்று தடவை சொன்னேன். ஏழரைக்கு டெஸ்ட். கேட்டது ஐயா! ட்ரம்ஸின் கிக்கும் என் கம்பியும் ஒன்றாக விழுவது முதல் தடவையாக எனக்கு மேடையில் கேட்டது. பதினாறு வருசமாக வாசிக்கிறேன்.

எட்டே காலுக்குத் திரும்பி வந்தால் டேப்பைக் காணவில்லை. என் ஒயர் தரையில் கிடக்கிறது.

"என்னண்ணே?"

"விஐபி வராருடா. அவரு பேசறது அவருக்குக் கேக்கணும்ல."

மேடை ஓரத்தில் சால்வை போர்த்திய நாற்காலி, அதற்கு முன்னால், மேடையில் இருப்பவருக்கே சத்தத்தைத் திருப்பிக் கேட்க வைக்கிற ஒரு மானிட்டர் பெட்டி, அதில் என் ஆறாவது ஆக்ஸ். விஐபி வந்தார், பதினொரு நிமிடம் பேசினார், மாலை வாங்கினார், ஒன்பது ஐந்துக்குக் கார் ஏறிவிட்டார். நான் ஓடினேன்.

"அண்ணே, அவரு போயிட்டாருண்ணே."

"திரும்பி வந்தாலும் வருவாரு."

"வரமாட்டாருண்ணே, கார் போயிருச்சு."

"ஷோ நடக்கறப்ப ஒயரக் கழட்டக் கூடாது தம்பி."

அப்படியானால் எட்டே காலுக்கு என் ஒயரை மட்டும் எப்படிக் கழற்றினீர்கள்? கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இன்னும் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. "பேஸெல்லாம் யாருக்குடா கேக்குது? அது சும்மா உள்ளுக்குள்ள அதிரும், அவ்ளோதான்."

அதிர்வதற்காகவா நான் ராத்திரி ஒரு மணிக்கு சாலிடர் வைத்தேன்? எண்பதுகளின் பாட்டு எதையாவது எடுத்துப் பேஸை நீக்கிவிட்டுக் கேட்டுப் பாருங்கள், பாட்டு அந்தரத்தில் தொங்கும். அந்தப் பாட்டுகளில் பேஸ் இறங்குகிற வரிசைகளை ஒவ்வொரு ஸ்வரமாக உட்கார்ந்து எழுதி எடுத்திருக்கிறேன். கடைசி வரை அந்தப் பெட்டி காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ராத்திரி பன்னிரண்டரை வரை. ஒருத்தரும் உட்காராத நாற்காலிக்கு மானிட்டர் இருந்தது, வாசிக்கிற எனக்கு இல்லை.

மனசு இரங்கியவர் மாதிரி, "வேணும்னா ஹெட்போன் ஓட்டையில சொருகிக்க" என்றார். பத்து மீட்டர் ஒயர் இழுத்துச் சொருகினேன். அதுதான் என் பெரிய தப்பு. மிக்சரின் அந்த ஓட்டை, அவர் பட்டனைத் தட்டித் தனியாக எதைக் கேட்டுப் பார்க்கிறாரோ அதைத்தான் தரும். இரண்டாவது பாட்டின் பல்லவியில் திடீரென்று எல்லாம் போய்த் தபேலா மட்டும். அப்புறம் அறிவிப்பாளரின் மைக், அவர் மூச்சு விடுவது. அப்புறம் ஒன்றுமே இல்லை. நான் ட்ரம்ஸ்காரரின் காலைப் பார்த்துப் பார்த்து வாசிக்கிறேன். சரணத்தில் பாடகியின் மைக்கை அவர் தட்டிய அதே நேரத்தில் மைக் ஊளையிட்டது. அது அப்படியே என் இரண்டு காதுக்குள்ளும். சத்தம் எல்லை மீறாமல் தடுக்கிற லிமிட்டர் இல்லை, ஒன்றும் இல்லை. பிடுங்கி எறிந்தேன். அதற்கப்புறம் வெறும் காது, வலது பக்கம் இரண்டடியில் சிம்பல்.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பக்கம் வேலை செய்கிறவன். மலேசியாவின் 2019 வேலையிடச் சத்த விதிமுறைப்படி எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் எல்லை. 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதி பாதியாகக் குறையும், 100 டெசிபலில் கால் மணி நேரத்தோடு அந்த நாளின் கணக்கு முடிந்தது. வருசா வருசம் காது டெஸ்ட் எடுக்கிறார்கள். போன தடவையே என் வலது காதில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. டெஸ்ட் எடுத்த அம்மா, "வீட்டுல என்ன பண்றீங்க?" என்று கேட்டார். வேலையில் காதைக் காப்பாற்றுகிறார்கள், கோயிலில் போய் அதைத் தொலைத்துவிட்டு வருகிறேன். திங்கட்கிழமை வரை 'ஙொய்ய்' என்று கத்திக்கொண்டிருந்தது. இப்போதும் தலையணையில் வலது பக்கம் படுத்தால் கேட்கிறது.

அடுத்த மாதம் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறது. அதே சவுண்ட் அண்ணன்தானாம்.

இதெல்லாம் ஒரு பக்கம். அந்தச் சனிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு ஆம்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் என் காருக்குப் பின்னால் இன்னொரு காரைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறார்கள். தள்ளிப் பார்த்தால் நகரவில்லை, ஹேண்ட்பிரேக். கண்ணாடியில் ஒரு போன் நம்பர் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்? ஹாரன் அடித்தேன், யாரும் வரவில்லை. முக்கால் மணி நேரம் பேஸை முதுகில் மாட்டிக்கொண்டு அந்தக் கொசுக்கடியில் நின்றேன். கடைசியில் ஒருவர் பிரசாதப் பொட்டலத்தோடு மெதுவாக நடந்து வந்து, "நீங்க கூப்டிருக்கலாமே" என்கிறார். எந்த நம்பருக்கு?