ஓரிகனில் ஒரு சேலமும் ஒரு மெட்ராஸும்

கொரியாவில் தமிழ் ஊர்கள், ஆப்பிரிக்காவில் தமிழ் ஊர்கள், பெரு நாட்டில் தமிழ் ஊர்கள் என்று ஒரு பட்டியல் வருஷம் தவறாமல் வாட்ஸ்ஆப்பில் சுற்றி வருகிறது. இந்த வாரம் எங்கள் குடும்பக் குழுவுக்கு மறுபடியும் வந்தது. அனுப்பியவர் சித்தப்பா. அங்கே எதிர்த்துப் பேச முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பட்டியல் தயாரிப்பவர்களுக்கு முதலில் ஒரு யோசனை. ஓரிகனை ஏன் விட்டுவிட்டீர்கள்? அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் அந்த மாநிலத்தின் தலைநகர் சேலம். அங்கிருந்து காஸ்கேட் மலைத்தொடரைத் தாண்டிக் கிழக்கே போனால் மெட்ராஸ் என்று ஒரு சிறு நகரம். ஒரே மாநிலத்தில் சேலமும் மெட்ராஸும்! கொரியாவில் தேடிப் பிடித்த பெயர்களை விட இது எவ்வளவோ கெட்டியான ஆதாரம். சோழன் பசிபிக் கடலைத் தாண்டினான் என்று ஒரு ராத்திரியில் எழுதி முடித்துவிடலாம்.

நடந்தது வேறு. ஓரிகனின் சேலம் விவிலியத்திலிருந்து வந்த பெயர். மெதடிஸ்ட் மிஷனரிகள் குடியேறிய இடம் அது. 1692-இல் சூனியக்காரிகள் என்று சொல்லிப் பலரைத் தூக்கிலிட்டார்களே, மசாசூசெட்ஸில் இருக்கும் அந்தச் சேலமும் விவிலியப் பெயர்தான். நம் சேலத்துக்கும் அவற்றுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, ஓசை ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். மெட்ராஸ் கதை அப்படியல்ல, அதில் நமக்குப் பங்கு உண்டு. அங்கே ஒரு கடையில் இருந்த மெட்ராஸ் துணிச் சுருளைப் பார்த்து வைத்த பெயர் என்றுதான் அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். போனது சோழன் இல்லை, நம் நெசவாளி கைபட்ட துணி. 2017 ஆகஸ்ட் 21 அன்று முழுச் சூரிய கிரகணம் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் அந்த மெட்ராஸில் வந்து குவிந்தார்கள். நாம் 1996-இல் மெட்ராஸை விட்டுவிட்டோம், அவர்கள் விடவில்லை.

என் கட்சி இதுதான். இரண்டு நாடுகளில் ஒரே பெயரில் ஊர் இருந்தால், அது யாருடையது என்று கேட்பதை விட, பெயர் எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் நிறையக் கிடைக்கும். முதல் கேள்விக்குப் பதிலாகக் கிடைப்பது பெருமை, இல்லாவிட்டால் கோபம். இரண்டாவது கேள்வியில் கப்பல் வரும், துணி வரும், அகதி வருவார், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி வருவார்.

கப்பல் என்றதும் கோரமண்டல் ஞாபகம் வருகிறது. நியூசிலாந்தின் வடக்குத் தீவில் கோரமண்டல் தீபகற்பம் இருக்கிறது, அதே பெயரில் ஓர் ஊரும் இருக்கிறது. சோழமண்டலக் கரையின் பெயர்தான், சந்தேகமில்லை. ஆனால் அதை அங்கே கொண்டுபோனது தமிழர்கள் இல்லை. 1820-இல் பாய்மரத்துக்கு கௌரி (kauri) என்ற அந்நாட்டு மரத்தை வெட்டிப் போக அங்கே வந்து நின்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலின் பெயர் கோரமண்டல். கப்பல் நின்ற துறைமுகத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, அப்புறம் ஊருக்கு, அப்புறம் தீபகற்பம் முழுவதற்கும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. கல்கத்தாவில் கட்டப்பட்ட அந்தக் கப்பலுக்குக் கடற்படையில் முதலில் இருந்த பெயர் மலபார். 1815-இல்தான் கோரமண்டல் என்று மாற்றினார்கள். யாரோ ஓர் அதிகாரி அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால், இன்றைக்கு மலையாளிகள் நியூசிலாந்தை உரிமை கொண்டாடிக்கொண்டிருப்பார்கள்.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டுக்குப் பக்கத்தில் கோரமண்டல் பள்ளத்தாக்கு என்று ஒன்று இருக்கிறது. அது அதே பெயர் கொண்ட இன்னொரு கப்பல், 1837-இல் குடியேறிகளை ஏற்றி வந்தது. வேலையை விட்டு ஓடிப்போன மாலுமிகள் ஒளிந்துகொண்ட இடத்துக்குக் கப்பலின் பெயரே வந்துவிட்டது. இரண்டு இடத்திலும் அதற்கு முன்பே ஆட்கள் இருந்தார்கள், அவர்கள் வைத்த பெயர்களும் இருந்தன. கோரமண்டல் அவற்றின் மேல் வந்து உட்கார்ந்த பெயர். இதில் நாம் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

சரி, தமிழர்கள் வாழும் இடத்திலேயே ஒரே பெயர் இருந்தால்? யாழ்ப்பாணத்தில் ஒரு திருநெல்வேலி இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அங்கேதான். தமிழ்நாட்டிலிருந்து போகிற யூடியூபர்கள் அந்தப் பெயர்ப் பலகைக்கு முன்னால் நின்று, "பாருங்க, நம்ம திருநெல்வேலிக்காரங்க இங்க வந்திருக்காங்க" என்று தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள். அல்வா எங்கே என்று கேட்காத குறை. சுற்றிலும் பார்த்தால் அச்சுவேலி, நீர்வேலி, கட்டைவேலி. வேலியில் முடியும் ஊர்கள் அந்தக் குடாநாட்டிலேயே வரிசையாக இருக்கின்றன. ஒரே மொழி பேசுகிறவர்கள், நெல் விளைவிக்கிறவர்கள், கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தனித்தனியாகவே ஒரே பெயரை வைத்திருக்கலாம். நல்லூர் என்று தமிழ்நாட்டில் எத்தனை ஊர் இருக்கிறது? யாழ்ப்பாணத்து நல்லூருக்கு மட்டும் இங்கிருந்து ஆள் போய்த்தான் பெயர் வைக்க வேண்டுமா? ஆட்கள் போகவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் போக்குவரத்து எப்போதும் இருந்தது. ஆனால் பெயர்ப் பலகை மட்டும் அதற்குச் சாட்சி ஆகாது.

அதை விட எனக்கு உறுத்துவது நாகர்கோவில். நமக்கு நாகர்கோவில் என்றால் கன்னியாகுமரி மாவட்டம், நேந்திரங்காய் சிப்ஸ், ரயில் சந்திப்பு. யாழ்ப்பாணத்தில் வடமராட்சி கிழக்குக் கடலோரத்தில் இன்னொரு நாகர்கோவில் இருக்கிறது. 1995 செப்டம்பர் 22 அன்று அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மேல் இலங்கை விமானப்படை குண்டு போட்டது. செத்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். ஈழத்து நண்பர் ஒருவர் நாகர்கோவில் என்று எழுதினால் பல நேரம் அவர் அந்த நாளைத்தான் எழுதுகிறார். ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் மாதம் நினைவுப் பதிவு போடுகிறார்கள். அதன் கீழே நம் ஆட்கள் யாராவது, "இது எந்த நாகர்கோவில், எங்க ஊரா?" என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்று கேட்பதில்லை, தெரியாமல்தான் கேட்கிறார்கள். பெயர் ஒன்றாக இருப்பதாலேயே அந்த இடத்தை ஏற்கெனவே தெரியும் என்கிற நினைப்பு வந்துவிடுகிறது, அதற்கு மேல் தேடத் தோன்றுவதில்லை.

ஊர்ப் பெயர் ஆராய்ச்சியே வீண் என்கிறாரா இவர் என்று யாராவது சண்டைக்கு வரலாம். இல்லை. ஆர். பாலகிருஷ்ணன் சிந்துவெளிப் பக்கம், அதாவது இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பகுதிகளில், கொற்கை, வஞ்சி, தொண்டி போன்ற சங்க காலப் பெயர்களை ஒத்த ஊர்ப் பெயர்கள் இருப்பதைத் தொகுத்துக் காட்டியவர். 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டிலேயே அது பேசப்பட்டது. அவருடைய முடிவை ஏற்பதும் மறுப்பதும் வேறு விஷயம். ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெயர்கள் கூட்டமாக வருகின்றனவா, எங்கே அடர்த்தியாக இருக்கின்றன, சுற்றியுள்ள மற்ற சான்றுகள் என்ன சொல்கின்றன என்று போகிற வேலை அது. வாட்ஸ்ஆப் பட்டியலில் அந்த உழைப்பு எல்லாம் உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

அதுவும் ஆங்கில எழுத்தில் மிஞ்சுகிறது. இந்தப் பட்டியல்களில் பாதி இப்படித்தான் பிறக்கின்றன என்பது என் சந்தேகம். கொரிய ஊரோ நைஜீரிய ஊரோ, அந்த மக்கள் வாயில் எப்படி ஒலிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வரைபடத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைத் தமிழன் வாசித்தால் என்ன வருமோ அதை எழுதிவிடுகிறார்கள். ஆங்கில எழுத்தில் ர-வுக்கும் ற-வுக்கும் வித்தியாசமில்லை, ல, ள, ழ எல்லாம் கலந்துபோகும், குறில் நெடில் தெரியாது. இவ்வளவையும் விட்டுக்கொடுத்தால் எந்த நாட்டிலும் நமக்கு ஓர் ஊர் கிடைத்துவிடும்.

தமிழன் கடல் கடந்து போனதற்கு நல்ல சான்று வேண்டுமா, தாய்லாந்தின் தென்பகுதியில் தக்குவாபா இருக்கிறது. அங்கே கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அவனிநாரணம் என்ற குளத்தைச் சொல்கிறது. மணிக்கிராமத்தார் என்ற வணிகர் குழுவும் சேனாமுகத்தாரும் அதற்குக் காவல் என்கிறது. அவனிநாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப் பெயர். வணிகர் குழு, குளம், மன்னன் பெயர் எல்லாம் ஒரே கல்லில் இருக்கின்றன. இதைப் பற்றி யாரும் ஃபார்வர்டு அனுப்புவதில்லை.

இதுவரை சொன்னது பெருமையின் கதை. கோபத்தின் கதைக்கு ஹைதராபாத் போக வேண்டும்.

ஹைதராபாத் மாவட்டம் இந்தியாவில் ஒன்று, பாகிஸ்தானில் ஒன்று. தக்காணத்து ஹைதராபாத்தை 1591-இல் முகமது குலி குதுப் ஷா உண்டாக்கினார். சிந்து மாகாணத்து ஹைதராபாத்தை 1768-இல் மியான் குலாம் ஷா கல்ஹோரா, நெரூன்கோட் என்ற பழைய ஊர் இருந்த இடத்தில் கட்டினார். இரண்டு ஊருக்கும் வளையல் பெயர் வாங்கிக் கொடுத்த தொழில். இங்கே சார்மினார் பக்கத்து லாட் பஜாரில் அரக்கு வளையல், அங்கே கண்ணாடி வளையல். இங்கே நாம்பள்ளி ரயில் நிலையத்தின் பெயரில் இன்றும் 'ஹைதராபாத் டெக்கான்' என்று தக்காணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல் எதற்கு என்று இன்று யாரும் யோசிப்பதுகூட இல்லை.

1947-க்குப் பிறகு சிந்திலிருந்து இந்துக்கள் இந்தப் பக்கம் வந்தார்கள், தக்காணத்திலிருந்து முஸ்லிம்கள் அந்தப் பக்கம் போனார்கள். சிந்திலிருந்து வந்த கான்சந்த் ராம்நானி 1953-இல் ஹைதராபாத் மொஸம்ஜாஹி மார்க்கெட்டில் கடை போட்டு, விட்டுவந்த நகரத்தின் பெயரை வைத்தார்: கராச்சி பேக்கரி. சிந்து ஹைதராபாத்தில் கேக்குக்குப் பேர்போன கடை எது தெரியுமா? பாம்பே பேக்கரி. கராச்சியில் ஹைதராபாத் காலனி இருக்கிறது, தக்காணத்து ஊறுகாய் அங்கே கிடைக்கும். பகதூராபாத் நாற்சந்தியில் ஒரு குட்டி சார்மினாரே கட்டி வைத்திருக்கிறார்கள்.

2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு, பெங்களூரில் கராச்சி பேக்கரிக் கிளையின் முன்னால் ஒரு கூட்டம் கூடியது. கடைக்காரர்கள் பலகையில் கராச்சி என்ற சொல்லைத் துணி போட்டு மூடினார்கள், தேசியக் கொடியையும் மாட்டினார்கள். பாகிஸ்தானிலிருந்து துரத்தப்பட்டு வந்த இந்துக் குடும்பம் ஆரம்பித்த கடையில், பாகிஸ்தான் பெயர் ஏன் என்று கேட்டார்கள். பெயர் வந்த வழியை ஒரு நிமிஷம் விசாரித்திருந்தால் அந்தக் கூட்டம் கடைக்குள் போய்ப் பழ பிஸ்கட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கும்.

இந்தக் கோபமும் சித்தப்பாவின் பெருமையும் ஒரே இடத்தில் பிறந்தவை என்பது என் எண்ணம். பெயருக்கு யாரோ ஒருவர் பேரில் பட்டா இருக்கிறது என்று இரண்டு பேருமே நம்புகிறார்கள். சித்தப்பா சண்டைக்குப் போகமாட்டார், அந்த அளவில் நிம்மதி.

தமிழர்கள் உண்மையாகவே போய், காடு வெட்டி, உருவாக்கிய ஊர்கள் இந்தப் பட்டியல்களில் வருவதே இல்லை, ஏனென்றால் அவற்றின் பெயர் தமிழாக இல்லை. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களைச் சொல்கிறேன். அக்கரப்பத்தனைப் பக்கம் பல்மோரல், கிளன்லைன். தலவாக்கலையில் ஹோலிரூட். நானுஓயாவில் எடின்பரோ. டிக்கோயாவில் டன்கெல்ட். தோட்டம் போட்ட துரைமார் பலர் ஸ்காட்லாந்துக்காரர்கள், தங்கள் நாட்டு ஊர், அரண்மனை, ஆற்றுப் பெயர்களை இங்கே வைத்துக்கொண்டார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்ததிலிருந்து பார்த்தால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போனவர்கள். துரை வைத்த பெயர் வாயில் நுழையாமல் தோட்டங்களுக்குத் தங்களுக்குள் தமிழ்ப் பெயர்கள் வைத்துக்கொண்டார்கள். பழைய தோட்டக் கையேடுகளில் ஆங்கிலப் பெயருக்கு எதிரே அந்தத் தமிழ்ப் பெயர்களும் அச்சாகியிருக்கும். வரைபடத்துக்கு அவை வரவில்லை. 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிக்கையில் பிரித்தார்கள். கப்பலேறி வந்தவர்கள் பலர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி தேயிலைக்கே போனார்கள். அவர்களில் வயதானவர்களிடம் சொந்த ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள், ஸ்காட்லாந்துப் பெயர் ஒன்று தமிழ் உச்சரிப்பில் வரும்.

அங்கேயே தங்கியவர்களுக்குக் குடியுரிமை கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது. இப்போது அவர்கள் கேட்பது காணி. பல்மோரல் என்றும் ஹோலிரூட் என்றும் முகவரி எழுதும் லயன் அறைகளில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களில் பெரும்பாலோர் கையில், குடியிருக்கும் நிலத்துக்கான காணி உறுதி, அதாவது பத்திரம், இன்னும் இல்லை.