இனிஷியலில் தொலைந்த மேற்கோள்கள்

கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் குழு வரப்போகிறது என்றால் போதும், எங்கள் கல்லூரி நூலகத்தில் கூட்டம் கூடிவிடும். "சார், என் எச்-இண்டெக்ஸ் எவ்வளவுன்னு பார்த்து ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுங்க." நூலகர் என்ற முறையில் எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு இரண்டு பேரை அருகருகே நிறுத்தி, இவர் உசத்தி, அவர் மட்டம் என்று பேசுவதைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. மேற்கோள்களை வைத்துப் போடும் அந்த எண் ஆராய்ச்சியை மட்டும் அளக்கவில்லை. அந்த ஆள் எந்தத் துறை, யாரோடு சேர்ந்து எழுதினார், எந்தப் பெயரில் எழுதினார் என்பதையும் சேர்த்தே அளக்கிறது.

கணக்கு சின்னதுதான். 2005ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்னது. ஒருவருடைய ஐந்து கட்டுரைகளை மற்றவர்கள் முறையே 40, 12, 6, 4, 1 தடவை மேற்கோள் காட்டியிருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 4. நாலு கட்டுரைகளுக்குத் தலா குறைந்தது நாலு மேற்கோள் இருக்கிறது, அவ்வளவுதான். முதல் கட்டுரையின் 40 நாளைக்கே 4000 ஆனாலும் எண் 4லேயே நிற்கும். துறைக்குத் துறை இது மாறும் என்று ஹிர்ஷே அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை யாரும் பிரிண்ட் கேட்பதில்லை.

பெயர் விஷயத்துக்கு வருவோம். இது நம்ம ஊர்த் தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். எஸ். குமார் என்பவர் ஒரு இதழில் 'குமார் எஸ்', இன்னொன்றில் அப்பா பெயரை விரித்து 'சுப்பையா குமார்', மூன்றாவதில் பெயரைத் திருப்பிப் போட்டு 'சுப்பையா கே'. கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் ஸ்கோபஸ் தரவுத்தளம் அவரை மூன்று ஆளாக்கிவிடும். கூகுள் ஸ்காலர் நேர் எதிர். நாட்டில் உள்ள எஸ். குமார்களை எல்லாம் ஒரே ஆளாக்கப் பார்க்கும். கடல்பாசி படிப்பவரின் பக்கத்தில் இதய அறுவை சிகிச்சைக் கட்டுரையும் சிமெண்ட் கலவைக் கட்டுரையும் வந்து உட்கார்ந்திருக்கும். நீக்கச் சொன்னால் சிலருக்கு மனசு வராது, எண் இறங்கிவிடுமே! கல்யாணத்துக்குப் பிறகு அப்பா இனிஷியலை விட்டுவிட்டுக் கணவர் இனிஷியல் போட்டுக்கொண்ட பெண் ஆய்வாளர்களின் நிலை இன்னும் மோசம். பாதி உழைப்பு பழைய பெயரிலேயே கிடக்கும்.

அடுத்தது துறை. மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பாசி எடுக்கும் பெண்கள் கையாலேயே பிரித்துவிடுவார்கள். அதையே இனம் பிரித்து, விவரித்து, அறிவியல் பெயரோடு பதிவு செய்வது வகைப்பாட்டியல். இந்தத் துறைக்கு ஒரு சாபம் உண்டு. கீழக்கரைச் சங்கின் அறிவியல் பெயருக்குப் பின்னால், அதை முதலில் விவரித்தவரைக் காட்ட 'லின்னேயஸ், 1767' என்று போடுவார்கள். ஆனால் கட்டுரைக் கடைசியில் வரும் பட்டியலில் அந்த 1767 நூலைப் பெரும்பாலும் யாரும் சேர்ப்பதில்லை. பட்டியலில் இல்லையென்றால் மேற்கோள் கணக்கிலும் இல்லை. இன்றைக்கு ஒரு புது உயிரினத்துக்குப் பெயர் வைக்கிறவருக்கும் இதே கதிதான்.

பழைய ஆட்களுக்கு இன்னொரு அடி. மண்டபம் முகாமில் 1958ல் தொடங்கிய இந்தியக் கடல் உயிரியல் சங்கம் அடுத்த வருடமே இதழ் கொண்டுவந்தது. 1969 ஜனவரியில் அங்கேயே பவளப்பாறைக் கருத்தரங்கும் நடத்தியது. ஸ்கோபஸோ 1970க்கு முந்தைய கட்டுரைகள் யாரை மேற்கோள் காட்டின என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்தத் தலைமுறை தங்களுக்குள் வாசித்துச் சண்டை போட்டதெல்லாம் கணக்கில் பூஜ்யம்.

சரி, கூட்டு ஆய்வு வலைப்பின்னல்? இதற்கு நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்து விஓஎஸ்வியூவர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. யார் யாரோடு சேர்ந்து எழுதினார்கள் என்பதைப் புள்ளியும் கோடுமாக வரைந்துவிடும். எனக்கு எச்-இண்டெக்ஸைவிட இந்தப் படம் பிடிக்கும். வெளிநாட்டு ஆய்வகத்தோடு ஒரு கோடு இருப்பவரை நாலு தேசத்தில் படிக்கிறார்கள், மேற்கோள் தானாக வருகிறது. ஊர்க் கல்லூரியில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர் படத்தின் ஓரத்தில் ஒற்றைப் புள்ளியாக நிற்பார். வேலை மட்டமா, தொடர்பு இல்லையா என்பதை எண் சொல்லாது, படம் பார்த்தால் கொஞ்சம் புரியும்.

ஆனால் படத்திலும் ஓட்டை இருக்கிறது. கரைவலை இழுத்தால் வலைக்கு இத்தனை பங்கு, இழுத்தவர்களுக்கு இத்தனை பங்கு என்று கரையிலேயே பிரித்துவிடுவார்கள். இங்கே பெயர் போட்ட ஒவ்வொருவருக்கும் முழுப் பங்கும் கிடைக்கிறது. 2015ல் இயற்பியலில் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி வந்த கட்டுரைக்கு 5154 ஆசிரியர்கள், வழக்கமான கணக்கில் அத்தனை பேருக்கும் அதே மேற்கோள். ஆய்வாளரைப் படகில் ஏற்றிப் போய், எந்தப் பாரில் (கடலடிப் பாறையில்) எது கிடைக்கும் என்று காட்டிய பாம்பன்காரருக்கு நன்றியுரையில் ஒரு வரி கிடைத்தால் பெரிசு. படத்தில் அவருக்குப் புள்ளியே கிடையாது.

தாக்கம் என்று பேசுகிறோமே, 2001ல் கடல் அட்டையையும் பவளத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்து, பிடிக்கத் தடை போட்டார்கள். கடலில் மூழ்கி அட்டை எடுத்துப் பிழைத்த குடும்பங்களின் அடுப்பு வரைக்கும் போன முடிவு அது. சரியா தவறா என்று கடற்கரையில் இன்னும் சண்டை ஓயவில்லை. இப்படி ஓர் அரசாணைக்குப் பின்னால் எந்த ஆய்வு இருந்தாலும் அது எச்-இண்டெக்ஸில் ஒரு புள்ளிகூட ஏற்றாது.

அப்போ எண்ணே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும் என்றுதான் சொல்வேன். எண் இல்லாத காலத்தில் தேர்வுக்குழு எதைப் பார்த்தது? யாருடைய மாணவன், எந்த ஊர், யார் சிபாரிசு என்பதைத்தான். பெரிய இடத்துத் தொடர்பு எதுவும் இல்லாத ஒரு மீனவக் குடும்பத்துப் பிள்ளை "பாருங்க, என் கட்டுரையை இத்தனை பேர் எடுத்தாண்டிருக்காங்க" என்று காட்டுவதற்கு அந்த ஒரு தாளாவது இருக்கிறது. அதையும் பிடுங்கிவிட்டால் பழைய சிபாரிசுதான் திரும்பி வரும். அதனால் ஒப்பிடுங்கள், ஒரே துறைக்காரர்களை மட்டும், ஏறக்குறைய ஒரே வயது அனுபவத்தில். கூடவே அவர்களே சிறந்தது என்று சொல்லும் இரண்டு மூன்று கட்டுரைகளை வாங்கி நிஜமாகவே படியுங்கள்.

ஆய்வு மாணவர்கள் இதைப் படித்தால், முதல் கட்டுரை அனுப்பும் முன்பே, ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் (ORCID) ஐடி வாங்கிவிடுங்கள். காசு கிடையாது, பதினாறு இலக்க எண், இனிஷியல் எப்படி மாறினாலும் அது மாறாது. அப்புறம் உங்கள் கூகுள் ஸ்காலர் பக்கத்தில் அடுத்தவர் கட்டுரை இருந்தால் இன்றைக்கே நீக்கிவிடுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் உங்கள் கல்லூரி நூலகரிடம் கேளுங்கள், சும்மாதான் உட்கார்ந்திருப்பார்.